நீ கேட்ட புத்தகங்களும் உன் அப்பாவின் பெயரும்

தம்பி, அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில், கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி கொண்டுவந்து நீட்டினார். என் கையெல்லாம் பாலாக இருந்ததால் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்கு வந்து குளித்து, பசியாறி, அதன் பிறகுதான் பிரித்தேன். பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் வாத்தியாருக்கென்று தனி வீடு கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் போனபின் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, படிக்கவும் ஒன்றும் இல்லை, இப்போது நீ என்னென்ன புத்தகம் படிக்கிறாய், எது நன்றாக இருக்கிறது என்று எழுது அம்மா என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். தை மாதக் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும், அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா வேண்டாமா என்று உனக்கு மாமனாராக வரப்போகிறவர் கேட்கிறார், நீயே சொல் என்று. அந்த வரியை மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். இடம் இல்லாமல் அப்படி எழுதவில்லை. கீழே பாதித் தாள் காலியாகத்தான் இருந்தது.

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. முதலில் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். நீ அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போவாய் என்று தெரியும், சின்ன வயதிலேயே உனக்கு அந்தப் பழக்கம். இந்த ஒரு தடவை வரிசையாகப் படி. இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்வி வழியாகத்தான் எனக்கே வந்தது.

நான் எப்படிப் படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். என் அய்யா என்னை லயத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், அடுத்த பிள்ளை பிறந்ததும் தொட்டில் ஆட்ட நிறுத்திவிட்டார். மீதி எழுத்தை உன் பாடப்புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன். நீ உரக்கப் படிப்பாய், நான் கீரை ஆய்ந்துகொண்டே உன் தோள் வழியாகப் பார்ப்பேன். நீ வேலைக்குப் போனபின் வீடு ரொம்பப் பெரியதாகிவிட்டது. ஒரு அறையும் ஒரு குசினியும்தான், ஆனாலும் அப்படித் தோன்றியது. மத்தியானம் வேலை முடிந்து வந்தால் ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். துக்கம் என்று சொல்ல மாட்டேன். கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தேன். ஜப்பான்காரன் உன் அப்பாவை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோன நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் ஆகியிருக்கிறேன் போல. நீ இருந்தவரை உனக்குச் சோறு, உனக்குச் சட்டை என்று ஓடியதில் அது தெரியவில்லை.

லூனாஸில் பஸ் போகிற பெரிய சடக்கில் நானா கடை உனக்கு ஞாபகம் இருக்கும். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். சவுக்காரக் கட்டிக்கும் சூடத்துக்கும் நடுவில் ஒரு தட்டில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பார். கப்பலில் சரக்கோடு வருவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்கப் போனவள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்ன தங்கச்சி வேணும் என்று கேட்டார். தெரியவில்லை நானா, கனமாக ஏதாவது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடு, பால் கறை மட்டும் பட வேண்டாம் என்று கொடுத்தார். அட்டை போயிருந்தது, முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயர் எனக்குத் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. நான் பனிநாட்டுக் கதை என்று வைத்துக்கொண்டேன்.

அதைத்தான் உனக்கு முதலில் சொல்வேன். எங்கோ வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில் ஒரு பண்ணையார் குடும்பத்தின் கதை. யாரோ பொறுமைசாலி தமிழில் எழுதியிருக்கிறார். பெயர்கள்தான் வாயில் நுழையாது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர், அப்பா கூப்பிட ஒன்று, பெண்டாட்டி கூப்பிட ஒன்று. முதலில் தடுமாறினேன். பிறகு நம் தோட்டத்து ஆள்களின் பெயரை அவர்களுக்கு வைத்துவிட்டேன். பண்ணையாருக்குப் பெரிய கிராணி பெயர், அவருடைய கணக்குப்பிள்ளைக்கு நம் கங்காணி பெயர், எப்போதும் தலைவலி என்று படுத்திருக்கும் அத்தைக்கு ஆஸ்பத்திரி டிரெசர் பெண்டாட்டி பெயர். அதன் பிறகு கதை ஓடியது. நீயும் அப்படிச் செய். பனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விடியற்காலையில் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது கித்தா மரங்களுக்கு நடுவே புகை மாதிரி வெள்ளையாக நிற்குமே, அது தரையில் விழுந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையில் பண்ணையாரின் ஒரே மகன் சண்டைக்குப் போகிறான். அறுவடை விருந்துக்கு முந்தின நாள் அவன் இறந்த செய்தி வருகிறது. கணக்குப்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொள்கிறான். விருந்து முடியட்டும், கிழவர் ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி மறைக்கிறார்கள். விருந்தில் பண்ணையார் மகன் பெயரைச் சொல்லிக் குடிக்கிறார், பாட்டுப் பாடச் சொல்கிறார். எல்லாரும் பாடுகிறார்கள். நான் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அழுகை வரவில்லை. நல்லவர்கள்தான், கிழவருக்காகத்தானே செய்தார்கள் என்று மட்டும் நினைத்தேன். இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் திரும்ப வருவேன்.

இரண்டாவது புத்தகம் வேறு மாதிரி. சிரிப்புக்காரர் புத்தகம் என்று அஞ்சலை பெயர் வைத்தாள், அட்டையில் ஒரு மனிதர் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். கவலையை விட்டுச் சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார். பனிநாட்டுக் கதையில் நான் பாதி வந்திருந்தபோது நானா, தங்கச்சி, நடுவிலே இதையும் தொட்டுக்க, ஊறுகா மாதிரி என்று கொடுத்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்க வேண்டுமாம். பிறகு ‘இன்று எனக்கு நல்ல நாள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, உன் சவரக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலை, யாரு வந்திருக்காங்கக்கா இந்நேரத்துல என்று கேட்டாள். பெரட்டில் அவள் அதைச் சொல்லப்போக, ஒரு வாரத்துக்கு எல்லாப் பெண்களும் வாளியைத் தூக்கும்போதெல்லாம் இன்று எனக்கு நல்ல நாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். கங்காணிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் புத்தகத்தைப் படி தம்பி. அதில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. நாம் பயப்படுகிற காரியங்களில் அநேகம் நடப்பதே இல்லை என்கிறார் அவர். எனக்கு நடந்தது நான் பயப்படாத காரியம். ஆனாலும் அந்தச் சிரிப்புக்காரர் என் வீட்டுக்குள் வந்த பிறகு, லயத்துப் பெண்கள் நின்று பேசிவிட்டுப் போக ஒரு காரணம் கிடைத்தது. அது பெரிய காரியம்.

புதிதாகக் கல்யாணம் ஆகும் ஆண்களுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது, அதையும் வைக்கிறேன். பெண்டாட்டிக்குத் தலைவலி வந்தால் தேத்தண்ணி போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். உனக்குத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீதியைப் படித்துக்கொள்.

இனிக் கடைசிப் புத்தகம். அது துப்பறியும் கதை. நல்ல புத்தகம் என்று சொல்ல முடியாது, ஆனால் கீழே வைக்க விடாது. சிரிப்புக்காரருக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெண்கள் நம் வீட்டு வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். படிச்சுக் காட்டுக்கா என்று அஞ்சலைதான் முதலில் கேட்டாள். உரக்கப் படிக்க எனக்குக் கூச்சம், சில சொற்களை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பார்கள். சில ஆண்களும் கொஞ்சம் தள்ளிப் பலா மரத்தடியில் குந்தியிருப்பார்கள், கேட்காத மாதிரி கேட்பார்கள். முனியாண்டி அங்கேதான் இருப்பார். உனக்குத் தெரிந்த முனியாண்டி மாமாதான், உன் அப்பாவோடு ஒரே ரயிலில் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். தனியாக இருக்கிறார், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அதிகம் பேச மாட்டார்.

அந்தக் கதையில் ஒரு வீட்டுக்காரர் மலைப்பாதையில் செத்துப்போனதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அவருடைய சொத்துக்கு ஆள்கள் அடித்துக்கொள்கிறார்கள். யார் கொன்றது என்று துப்பறிகிறவர் தேடுகிறார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கதவு தட்டப்படுகிறது. மனைவி திறக்கிறாள். தாடியும் அழுக்குமாக அந்த மனிதர் நிற்கிறார், சாகவில்லை. நான் அதை முன்னாலேயே படித்துவைத்திருக்கவில்லை. ‘அவர்தான் நின்றுகொண்டிருந்தார்’ என்ற வரியைப் படித்து முடித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லாப் பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை அப்படியே பிடித்திருந்தாள். அவர்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரிந்தது. என் கழுத்துக் கயிற்றையும் நெற்றியையும் பார்த்தார்கள். தாலிப் பொன் ஜப்பான்காரன் காலத்திலேயே மரவள்ளிக்கிழங்காகப் போய்விட்டது, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பொட்டு வைப்பதையும் நான் நிறுத்தவில்லை. மூன்று மாத வேலை, முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பெரட்டில் வைத்துப் பெயர் கூப்பிட்டார்கள். உன் அப்பா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவர் இறந்ததாக யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லாதபோது நான் எதை வைத்துப் பொட்டை அழிப்பது?

நான் அடுத்த வரியைப் படித்தேன். அத்தியாயத்தை முடித்தேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அஞ்சலை மட்டும் தம்ளர்களை எடுத்துக் கழுவப் போனாள். அப்போது முனியாண்டி மரத்தடியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தக் கதைய மறுபடி படிக்காதீங்க அண்ணி” என்றார். “அண்ணன் வர மாட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

பிறகு நின்றுகொண்டே சொன்னார். ஆற்றோரத்தில் மூங்கில் கொட்டகை. உன் அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். மழைக்காலம், விடாத மழை. வாந்திபேதி வந்தது. காலையில் மூங்கில் தூக்கிக்கொண்டிருந்த உன் அப்பாவால் சாயந்தரம் எழுந்திருக்க முடியவில்லை. நோய்க்காரர்களை வேறு கொட்டகையில் போட்டுவிடுவார்களாம், அங்கே யாரும் போகக் கூடாதாம். முனியாண்டி பால்டின்னில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நுழைந்திருக்கிறார். உன் அப்பா மழை விட்டுவிட்டதா என்று கேட்டாராம். விட்டுருச்சுண்ணே என்று இவர் சொன்னாராம். விடவில்லையாம், அப்படிச் சொன்னாராம். அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. உன்னைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் முனியாண்டியே சொல்லியிருப்பார்.

இறந்தவர்களை ஒன்றாகக் குவித்து எரிப்பதுதான் அங்கே வழக்கம். முனியாண்டியும் இன்னொரு ஆளும் உன் அப்பாவை மட்டும் தனியாக இழுத்துவந்து, கொட்டகைக் கூரைக்கு அடியிலிருந்து காய்ந்த மூங்கிலைப் பிடுங்கி அடுக்கியிருக்கிறார்கள். அதற்காக அடி வாங்கியிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை, சட்டையைத் தூக்கித் தோளைக் காட்டினார், நானே புரிந்துகொண்டேன். கொள்ளி வைத்தது அவர்தான். வைக்கும்போது உன் பெயரைச் சொன்னாராம். “ஒம் மகன் வைக்கிறதா நெனச்சுக்கண்ணேன்னு சொல்லித்தான் வச்சேன் அண்ணி” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு முகம் கோணிற்று.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று நான் கேட்பேன் என்று அவரே எதிர்பார்த்திருக்கிறார். திரும்பி வந்த அன்றைக்குச் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, எலும்பாக, சடக்கில் நடந்து வந்தாராம். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிப்போய் அவர் எங்கே என்று கேட்டேனாம். எனக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது, கேட்டது ஞாபகம் இல்லை. நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். அந்த நேரத்தில் வாயில் வந்தது, வேறு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள், பார்க்கவில்லை என்பதுதான். நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் உடம்பு தேறியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். பிறகு நான் பொட்டோடு நடமாடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வாய் அடைத்துவிட்டது. இப்போது நீ கல்யாணம் செய்யப்போகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் தூங்கவில்லையாம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார். இருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன், வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் போனபின் ராத்திரிக்கு அரிசி களைந்தேன். அழுகைக்காகக் காத்திருந்தேன் தம்பி. அது வரும், வந்துதானே ஆக வேண்டும் என்று குசினியில் உட்கார்ந்தேன். வரவில்லை. அடுத்த நாள் என் நிரையில் மரம் வெட்டினேன். கத்தி ஆழம் போகவில்லை, பட்டையில் காயமே இல்லை, கங்காணி வந்து பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். மனசில் கவலை இருந்தால் அதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போடு என்று சிரிப்புக்காரர் சொல்லியிருந்தார். அதையும் செய்து பார்த்தேன். உன் பழைய கொப்பியில் ‘அவர் இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து எழுதினேன். கிழிக்கத் தோன்றவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

குசினியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள்தான் அழுதாள். எனக்கும் சேர்த்து அழுதாள் என்று வைத்துக்கொள். அழுது முடித்து, மறுநாள் வந்து நிதானமாகப் பேசினாள். “அக்கா, தை வரைக்கும் வாயத் தொறக்காத. தம்பி கல்யாணத்துல நீ மணவறையில நிக்கணும். இத வெளிய சொன்னா ஒன்ன ஓரமா ஒக்கார வச்சிருவாங்க. செத்தவரு எங்கயும் போகப் போறதில்ல, கல்யாணம் முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்.” அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உனக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. வேறு எந்த ஆசையும் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. முனியாண்டி சொல்ல மாட்டார், அஞ்சலை சொல்ல மாட்டாள், நான் அப்பா பெயரை மட்டும் போடு என்று உனக்கு ஒரு வரி எழுதினால் போதும். எழுதவும் உட்கார்ந்தேன்.

எழுத வரவில்லை. அதனால் பனிநாட்டுக் கதையை எடுத்தேன், படித்து முடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. முடிவுக்குப் போகாமல் ஏனோ பின்னால் திருப்பி அந்த விருந்து அத்தியாயத்தை மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது நான் கிழவரைப் பார்க்கவே இல்லை, மறைத்தவர்களைத்தான் பார்த்தேன், அவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்று. இந்தத் தடவை கிழவரைப் பார்த்தேன். மகன் பெயரைச் சொல்லிக் கிண்ணத்தைத் தூக்குகிறார். மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், பரிமாறுகிறவனுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அந்த நாற்காலியில் உன்னை வைத்துப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நீ உட்கார்ந்திருக்கிறாய், வருகிறவர்கள் அப்பா என்றைக்காவது வந்துவிடுவார் என்று உனக்கு ஆறுதல் சொல்கிறார்கள், நீ தலையாட்டுகிறாய். நான் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. துக்கமோ கோபமோ இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

அதனால் அமரர் என்று போடச் சொல். அப்பாவின் பெயரை முழுசாக, அவருடைய அய்யா பெயரோடு சேர்த்துப் போடு. உன் மாமனாரிடம் இதை நீயே நேரில் சொல், அடுத்த ஆள் வாயில் போக வேண்டாம். மணவறையில் நான் நிற்பேன் என்பதையும் சேர்த்துச் சொல். ஓரமாக உட்கார மாட்டேன். உன்னை வளர்த்தவள் நான், இதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. அவர் மறுத்தால் எனக்கு எழுது, நான் பஸ் ஏறி வந்து நானே பேசுகிறேன். சண்டை போட மாட்டேன். சண்டை போடும் அளவுக்கு இப்போது எனக்கு ஒன்றும் கொதிப்பதில்லை, அதனாலேயே நிதானமாகப் பேச முடியும் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் பிள்ளையிடமும் முன்னாலேயே சொல்லிவிடு. அவள் என்ன சொல்கிறாள் என்று பார். அவள் முகம் சுளித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகங்களை ஒரு சாக்குப் பையில் கட்டி, பாலிங் போகிற பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். நானாவிடம் கேட்டுவிட்டேன். பனிநாட்டுக் கதையைத் தம்பியே வச்சிக்கட்டும், கல்யாணத்துக்கு என் பங்கு என்றார். மற்றவற்றைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. துப்பறியும் கதையும் உள்ளே இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்காக அதை ஒதுக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு பெண்கள் வந்து உட்கார்ந்தபோது கடைசி அத்தியாயத்தையும் படித்துக் காட்டினேன். திரும்பி வந்தவர் யார் தன்னைத் தள்ளிவிட்டது என்று சொல்கிறார், கெட்டவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லாருக்கும் திருப்தி. முனியாண்டி மட்டும் அன்றைக்கு வரவில்லை.

மாதக் கடைசியில் உனக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்று எழுதியிருக்கிறாய், அப்போது வா. ஆற்றங்கரையில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். ஐயரைத் தேட வேண்டாம், கோயில் பூசாரி வந்து சொல்லிக்கொடுப்பார். கயிற்றை அங்கே நானே அவிழ்த்து ஆற்றில் விடுவேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து வளையலை உடைப்பதெல்லாம் வேண்டாம் என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன், அவள் மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வாள். எனக்கு அப்போதாவது அழுகை வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் நீ என்னைப் பார்த்துப் பயப்படாதே.

நீ வருகிறாய் என்று முனியாண்டியிடம் சொன்னேன். தம்பி என்னைக் கோவிச்சுக்கும் அண்ணி, நான் அந்த நேரத்துக்கு வேறு தோட்டத்துக்குப் போயிடறேன் என்றார். போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரலாம், வந்தால் அது நியாயம்தான், அதை என்னிடம் காட்டு. அவரிடம் வேண்டாம். நீ ஏழு வயதுப் பிள்ளையாக இங்கே இருந்தபோது, உன் இடத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கொள்ளி வைத்தவர் அவர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, நேராக அவர் வீட்டுக்குப் போ. இத்தனை நாள் மாமா என்று கூப்பிட்டாய். இனிமேல் சித்தப்பா என்று கூப்பிடு.

அம்மா